கறுப்புத் திரையும் கெட்டுப்போன ஒப்பாரியும்

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளை. அடுத்த அமர்வை ஒலிப்பதிவு செய்யும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டிருந்தது. மடிக்கணினியைத் திறந்து, முனையச் சாளரத்தில் ஒரு வரியைத் தட்டிக்கொண்டிருந்தோம். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த மூத்த பேராசிரியர் ஒருவர், “தமிழ் வாத்தியாருக்கு இந்தக் கறுப்புத் திரை எதற்கு ஐயா? ஓரத்தில் ஒலிபெருக்கிப் படம் இருக்கிறது, அதை இழுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே!” என்றார். சுற்றி நின்றோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம். சபை நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆயினும் அந்தச் சிரிப்பு இன்றளவும் செரிக்கவில்லை. தமிழ் படித்தவனுக்கும் கருவிக்கும் தொடர்பில்லை என்பது நம் துறைக்குள் வெகுகாலமாக வளர்ந்துவிட்ட ஒரு பெருமிதம். அறியாமையை அணிகலனாகப் பூண்டுகொள்ளும் இந்த வழக்கத்தினால் நாம் இழந்தவை எவை என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம். கணினியின் ஒலி அளவைக் கட்டளை வரியில் எழுதி அமைப்பது பொறியாளனின் விளையாட்டன்று. வாய்மொழி இலக்கியத்தைப் பதிவு செய்கிற எவனும் கற்றே ஆகவேண்டிய எழுத்து வேலை என்பது நமது கட்சி.

முதலில் ஒரு கதை. கதை என்று சொல்வதே ஒரு தப்பித்தல். குற்ற ஒப்புதல் என்பதே சரி.

2011-ஆம் ஆண்டு. ஒப்பாரிப் பாடல்களைத் தொகுப்பதற்காகக் காவிரிக் கடைமடைப் பகுதியில் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு வீடானாலும் அவரை அழைத்துவரச் சொல்வார்களாம். சாவு விழாத நாளில் ஒப்பாரி வைப்பது ஆகாது என்று முதலில் மறுத்துவிட்டார். இரண்டு முறை போய்வந்தபின், “என் புருசனை நெனச்சுப் பாடுறேன், அது தப்பில்ல தம்பி” என்று தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்துச் சொன்னார். மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் அமர்ந்து நாற்பது நிமிடம் பாடினார்.

நம்மிடம் இருந்தது பழைய மடிக்கணினி, அதில் லினக்ஸ். காதில் மாட்டும் கருவியோடு வரும் ஒலிவாங்கி வேண்டாமென்று தனி ஒலிவாங்கி ஒன்றை இரவல் வாங்கியிருந்தோம். அவற்றைப் பொருத்தி அமைத்துத் தந்தவர், “எல்லாவற்றையும் நூறில் வைத்திருக்கிறேன், எதையும் தொடாதீர்கள்” என்று சொல்லியனுப்பினார். நாம் தொடவில்லை. சொன்ன சொல் தட்டாத மாணவனாகவே வளர்ந்துவிட்டோம்.

வீடு திரும்பிக் கேட்டபோது முதற் சில நிமிடங்கள் தாழ்ந்த குரலில் நன்றாகவே இருந்தன. கிழவியின் குரல் எழ எழ, எழுந்த இடமெல்லாம் தகரத்தைச் சுரண்டுவது போன்ற கரகரப்பு. ஒப்பாரியின் உயிர்நாடி அந்த எழுச்சியில்தான் இருக்கிறது. சொல் முடிந்து வெறும் ஓசையாக நீளும் இடம் அது. நமக்குக் கிடைத்த பதிவில் அவ்விடங்கள் யாவும் உச்சி வெட்டப்பட்டுக் கிடந்தன. மீண்டும் சென்று பதிந்துகொள்ளலாம் என்று நாள் கடத்தினோம். ஐந்தே மாதத்தில் அவர் இறந்துபோனார். அவருக்கு வேறொருவர் பாடினார். அந்தப் பதிவு நன்றாக வந்தது.

அன்றிரவுதான் முதன்முதலாக அல்சாமிக்சர் என்னும் நிரலைத் திறந்து பார்த்தோம். கறுப்புத் திரையில் செங்குத்தாக நிற்கும் தூண்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர். எஃப்4 பொத்தானை அழுத்தினால் பதிவுக்குரிய தூண்கள் மட்டும் வரும். ‘கேப்சர்’ நூறில் நின்றது. ‘மைக் பூஸ்ட்’ என்றொரு தூணும் நூறில் நின்றது. அதனைத் தெரிவு செய்தபோது மேலே 30 டெசிபெல் என்று காட்டிற்று. ஒலிபெருக்கிப் படத்தைச் சொடுக்கி நாம் நாள்தோறும் கண்டுவந்த பலகையில் இப்பெயர் இருந்ததேயில்லை.

இந்த முப்பது என்ன செய்தது என்பதைச் சற்றே விளக்கியாக வேண்டும். ஒலிவாங்கியிலிருந்து வருவது மிக மெலிந்த மின்னலை. அதனை ஒலி அட்டை முதலில் பெருக்குகிறது. பின்னர் எண்களாக மாற்றுகிறது. குறுந்தட்டின் தரம் என்றால் நொடிக்கு 44,100 முறை அலையின் உயரத்தை அளந்து எண்ணாக எழுதுகிறது. 16 பிட்டுக் கணக்கில் அது எழுதத்தக்க மிகப்பெரிய எண் 32,767. மறுபக்கம் மைனஸ் 32,768. அலை அதற்கு மேலும் உயருமானால் எழுத எண் கிடையாது. உச்சி எண்ணையே திரும்பத் திரும்ப எழுதிவைக்கும். மலையின் சிகரத்தைச் சீவி மேசையாக்கியது போல் அலை தட்டையாகிவிடும். அந்தத் தட்டைதான் நம் காதில் கரகரப்பாக விழுகிறது. 20 டெசிபெல் பெருக்கம் என்றால் அலையின் உயரம் பத்து மடங்கு. 30 என்றால் ஏறத்தாழ 32 மடங்கு. மெல்லப் பேசும் குரலுக்கு வைத்த பெருக்கத்தில் ஒப்பாரியைப் பதிந்தால் வேறென்ன நேரும்?

பிற்பாடு எந்த மென்பொருளில் இட்டு அளவைக் குறைத்தாலும் வெட்டுண்ட சிகரம் திரும்பாது. மேசை சிறிதாகும், அவ்வளவுதான். தொல்காப்பியத்தின் பிறப்பியலை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். உந்தியிலிருந்து எழுகிற காற்று எங்கெங்கே நின்று, எவ்வெவ் உறுப்பில் பட்டு எழுத்தாகிறது என்பதைப் படிநிலை பிறழாமல் சொல்கிற இயல் அது. குரல் மனித உடலை விட்டு வெளியேறிய பிறகு கணினிக்குள் எவ்வெவ்விடம் பட்டு எண்ணாகிறது என்பதும் அதே போன்ற கேள்விதானே? முந்தையதை நூற்பா எண்ணோடு சொல்லத் தெரிந்த நமக்குப் பிந்தையதைப் பற்றிக் கேட்டால் “அதெல்லாம் டெக்னிகல்” என்று ஒரு விடை தயாராக இருக்கிறது.

சரி, ஒலிபெருக்கிப் படத்தை இழுத்தால் என்ன குறை? பாட்டுக் கேட்பதற்கு ஒரு குறையுமில்லை. நாமும் இழுக்கிறோம். பதிவுக்கு வரும்போதுதான் வினை. லினக்ஸ் மேசைக்கணினிகளில் 2007 நவம்பரில் வெளியான ஃபெடோரா 8, 2008 ஏப்ரலில் வெளியான உபுண்டு 8.04 ஆகியவற்றிலிருந்து பல்ஸ்ஆடியோ என்னும் ஒலிச் சேவையகம் இயல்பிருப்பாக வந்தது. அது அட்டையின் தனித்தனிக் கட்டுப்பாடுகளை அப்படியே நமக்குக் காட்டுவதில்லை. ‘மைக் பூஸ்ட்’, ‘கேப்சர்’ ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஸ்லைடராகத் தருகிறது. அதன் அமைவுக் கோப்புகளில் ‘மெர்ஜ்’ என்றே எழுதியிருக்கும். 2021-இல் ஃபெடோரா 34 தொடங்கி அதனிடத்திற்கு வந்த பைப்வயரும் அட்டைகளைக் கையாளும் இம்முறையைப் பல்ஸ்ஆடியோவிடமிருந்தே பெற்றது. ஆகவே ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போனால் எவ்விடத்தில் பூஸ்ட் புகுந்தது, எவ்வளவு புகுந்தது என்பது இழுப்பவனுக்குத் தெரியாது. இரண்டு பொருளுக்கு ஒரு பெயர். இலக்கணம் படித்தவன் இதனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

இவ்வாறு மறைப்பதற்கு வடிவமைப்பாளர் சொல்லும் காரணம் ஒன்றுண்டு: பயனர் குழம்பிவிடுவார். உண்மை, குழம்புவார். அல்சாவின் தொடக்க காலத்தை அறிந்தோர் இதனை மறுக்க மாட்டார்கள். செக் நாட்டு நிரலாளர் யாரோஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒலி அட்டைக்காக எழுதிய இயக்கியிலிருந்து 1998-இல் கிளைத்த முயற்சி அது. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் கெர்னல் 2.6-இல் பழைய ஓஎஸ்எஸ் முறையைப் பின்னுக்குத் தள்ளி முதன்மை ஒலிக் கட்டமைப்பாயிற்று. அக்காலத்தில் அல்சாவை நிறுவிய உடனே ஓசை ஒன்றும் வராது. எல்லாக் கட்டுப்பாடுகளும் மியூட் நிலையிலேயே இருக்கும். ஒலிபெருக்கி திடீரென்று அலறிக் காதைக் கிழிக்கக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. அட்டை பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் சென்றவர்கள் உண்டு. அல்சாமிக்சரில் தூணின் அடியில் ‘எம்எம்’ என்று தெரிந்தால் மியூட், எம் பொத்தானை ஒருமுறை தட்டினால் திறந்துகொள்ளும் என்ற ஒற்றை வரியை அறியாமல் எத்தனையோ மாலைகள் வீணாகியிருக்கின்றன. ஆனால் குழப்பத்துக்கு மருந்து விளக்கமாகத்தான் இருக்கமுடியும். பெயரை அழித்துவிடுவது மருந்தாகாது. அகநானூறு மாணவனுக்குக் கடினம் என்பதால் பாட்டை விட்டுவிட்டுப் பொழிப்புரையை மட்டும் அச்சிட்டுக் கொடுக்கிறோமா? (சில பாடநூல்களில் கொடுக்கவும் தொடங்கிவிட்டார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல்.)

இனிக் கட்டளைக்கு வருவோம். கட்டளைகள் யாவும் உரோம எழுத்தில் தட்டப்பட வேண்டியவை. அவற்றின் ஓசையை மட்டும் இங்கே தமிழில் தருகிறோம். நிரலின் பெயர் அமிக்சர். ‘அமிக்சர் எஸ்கண்ட்ரோல்ஸ்’ என்று தட்டினால் அட்டையிலுள்ள கட்டுப்பாடுகளின் பெயர்ப் பட்டியல் வரும். ‘அமிக்சர் எஸ்செட் மாஸ்டர் 60% அன்மியூட்’ என்றால் முதன்மை ஒலியை அறுபது விழுக்காட்டில் வைத்து, அடைத்திருந்தால் திறந்தும் விடும். பட்டியலில் பெயர் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே, பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாடும் பிறழாமல் எழுத வேண்டும். ‘எஸ்செட்’ வினை, ‘மாஸ்டர்’ செயப்படுபொருள், அறுபது அதன் அளவு; ஏவல் வாக்கியம். எழுவாய் தோன்றாமல் நிற்கிறது. இதில் தமிழாசிரியனுக்கு அந்நியமானது என்ன இருக்கிறது?

ஆனால் விழுக்காட்டை நம்பி ஏமாறக் கூடாது. அறுபது விழுக்காடு என்பது காதுக்கு அறுபது அன்று. அட்டையிலுள்ள படிகளின் எண்ணிக்கையில் அறுபது. எடுத்துக்காட்டாக, ஓர் அட்டையின் அளவு 0 டெசிபெல்லிலிருந்து மைனஸ் 64 வரை சீராக இறங்குகிறது என்று கொள்வோம். அதில் பாதி என்று நாம் வைப்பது மைனஸ் 32. அலையின் உயரமோ பாதியாகாமல் நாற்பதில் ஒரு பங்காகிவிடும். இதற்கு மேல் ஒரு வேடிக்கையும் உண்டு: அமிக்சர் காட்டும் விழுக்காடும் அல்சாமிக்சர் காட்டும் விழுக்காடும் ஒன்றல்ல. பின்னது காதின் இயல்புக்கேற்ப மாற்றிக் காட்டுகிறது. முன்னதிலும் அவ்வாறே வேண்டுமானால் கட்டளையில் சிறுகோடும் பெரிய எழுத்து எம்மும் சேர்க்க வேண்டும். ஒரே அட்டை, ஒரே நிலை, இரண்டு எண்கள். “எழுபதில் வைத்தோம்” என்று குறிப்பேட்டில் எழுதுகிறவர்கள் எந்த எழுபது என்பதையும் எழுதட்டும்.

ஆகவே டெசிபெல்லிலேயே எழுதிவிடுவது நலம். அமிக்சர் அதனை ஏற்கும். மைனஸ் இருபது டெசிபெல் என்று எழுதும்போது மட்டும் ஒரு நுணுக்கம்: மைனஸ் குறியைக் கண்டவுடன் அதனை ஒரு விருப்பக்குறி என்று நிரல் மயங்கிவிடும். ஆகையால் ‘எஸ்செட்’டுக்கு முன்னால் இரட்டைச் சிறுகோடு இட்டு, ‘இனி வருபவை விருப்பக்குறிகள் அல்ல’ என்று உணர்த்த வேண்டும். நாம் ஒருமுறை பிழைச் செய்தியைக் கண்டு எரிச்சலுற்று, அந்த மைனஸையே எடுத்துவிட்டு எண்ணை மட்டும் தட்டினோம். காதில் கருவி மாட்டியிருந்தது. அட்டை தன் உச்சத்துக்குச் சென்றது. அன்று முழுவதும் காதில் வண்டு ரீங்கரித்தது. கட்டளை வரி தீங்கற்றது என்று நாம் சொல்லவில்லை. அது சொன்னதைச் செய்யும். நாம் எண்ணியதைச் செய்யாது.

இன்னொரு எச்சரிக்கையும் உரியது. பல்ஸ்ஆடியோவோ பைப்வயரோ ஓடுகிற கணினியில் அட்டையைக் குறிப்பிடாமல் அமிக்சரை அழைத்தால், பெரும்பாலும் அந்தச் சேவையகத்தின் போலி அட்டையே விடை சொல்லும். மாஸ்டர், கேப்சர் என்ற இரண்டே பெயர்கள் வரும். மெய்யான அட்டையைக் காண அதன் எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் ‘சி 1’ என்பது இரண்டாவது அட்டை. அல்சாமிக்சரில் எஃப்6 அழுத்தியும் அட்டையைத் தேர்ந்துகொள்ளலாம். சேவையகத்தோடேயே பேசுவதானால் பல்ஸ்ஆடியோவுக்குப் பாக்டிஎல், பைப்வயரின் மேலாளருக்கு டபிள்யூபிசிடிஎல் என்று தனித்தனிக் கட்டளைகள் உண்டு. இவற்றில் நூறைத் தாண்டியும் ஏற்றலாம். நூற்றைம்பது என்று கேட்டால் மென்பொருளிலேயே பெருக்கித் தரும். சிகரமும் அங்கேயே சீவப்படும். டபிள்யூபிசிடிஎல்லில் ‘எல்’ என்னும் குறியிட்டு உச்சவரம்பு வைத்துக்கொள்ள வழியிருக்கிறது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று இப்போதும் கேட்கலாம். கேட்பவர்கள் 2016-இல் நம் துறையின் கணினி அறையில் இருந்திருக்க வேண்டும்.

முதுகலை முதலாண்டில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருந்தார். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஆர்கா என்னும் நிரலின் துணையோடு கட்டுரை எழுதுவார். ஒருநாள் அவர் அமர்ந்த கணினி பேசவில்லை. முந்தைய வகுப்பில் யாரோ ஒலியை அடைத்துவிட்டுச் சென்றிருக்கிறார்கள். விசைப்பலகையோ பழையது, ஒலிக்கென்று தனிப் பொத்தான் இல்லை. நாம் உதவும் ஆர்வத்தில் அவருக்குக் குறுக்கே குனிந்து, சுட்டியைப் பிடித்து, ஓரத்தில் ஒலிபெருக்கிப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். “கொஞ்சம் நகருங்க ஐயா” என்றார். கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினார். முனையம் திறந்ததா என்று பார்க்க அவருக்கு வழியில்லை. ஒரு கணம் பொறுத்து ஒரே மூச்சில் ஒரு வரியைத் தட்டி எண்டர் அழுத்தினார். கணினி பேசத் தொடங்கிற்று. “அந்தப் படத்தை நான் எங்கே போய்த் தேடுவது ஐயா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவர் தட்டியது மேலே நாம் சொன்ன அதே ‘மாஸ்டர் அன்மியூட்’ வரிதான். குரல் போய்விட்டால் அவருக்குத் திரையே போய்விட்டது என்று பொருள். குரலை மீட்கப் படத்தைத் தேடு என்பது, பூட்டிய வீட்டுக்குள் சாவி இருக்கிறது எடுத்துக்கொள் என்பதற்கு ஒப்பு. சொல்லாக இருந்ததனால் அது அவர் நினைவில் இருந்தது; விரலுக்கு வந்தது. கறுப்புத் திரை யாருக்கு என்று கேட்ட பேராசிரியருக்கு நாம் அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடை இது. தேநீர் ஆறிவிடும் என்று விட்டுவிட்டோம்.

நமது கட்சியின் நடுநாயகமான வாதத்துக்கு இப்போது வருகிறோம். கட்டளை எழுத்தாக இருக்கிறது. எழுத்தாக இருப்பதனால் அதனை வைத்துக்கொள்ளலாம், அனுப்பலாம், ஒப்பிடலாம், பிழை காணலாம். ஸ்லைடர் நின்ற இடத்தை எவ்வாறு எழுதி வைப்பீர்கள்? ‘முக்காலுக்குச் சற்று மேலே’ என்றா?

1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரை நாம் போற்றுவது ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்ததற்காக மட்டுமா? கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கி, பாடம் எங்கே வேறுபடுகிறது என்பதைக் குறித்துத் தந்தார். அவர் பதிப்பைக் கையில் எடுக்கிறவன் ஐயுறும் இடத்தில் ஐயுறவும், சரிபார்க்கவும் இயலும். அந்த மரபின் வாரிசுகள் என்று மேடைதோறும் முழங்குகிற நாம், வாய்மொழிப் பாடல்களைப் பதிந்து வைத்திருக்கும் இலட்சணம் என்ன? கோப்பின் பெயர் ‘ரெக்கார்டிங் 7’. எந்த ஒலிவாங்கி, எந்த அட்டை, பூஸ்ட் இருந்ததா இல்லையா, ஒரு குறிப்பும் கிடையாது. குரல் கரகரத்தால் பாடியவரின் தொண்டை கரகரத்ததா, நம் கருவி கரகரத்ததா என்று நாளைய ஆய்வாளன் எப்படி அறிவான்? நன்னூல் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று குரலின் ஏற்றத்தாழ்வுக்குப் பெயர் சூட்டிவைத்திருக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வையே தட்டையாக்கிவிட்ட பதிவை வைத்துக்கொண்டு ஒப்பாரியின் ஓசைநயம் பற்றி முனைவர்ப் பட்டம் வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மருந்து ஒரே ஒரு வரி. அல்சாசிடிஎல் என்றொரு கட்டளை உண்டு. ‘ஸ்டோர்’ என்று அதற்குச் சொன்னால் அட்டையின் எல்லாக் கட்டுப்பாடுகளும் அக்கணத்தில் எந்நிலையில் உள்ளனவோ அந்நிலையை அப்படியே எழுதிவைக்கும். ‘ரெஸ்டோர்’ என்றால் எழுதிவைத்த நிலைக்கே அட்டையைத் திருப்பும். நாம் விரும்பும் கோப்புப் பெயரையும் கொடுக்கலாம். உருவாகும் கோப்பு வெறும் உரைக்கோப்பு. எவரும் திறந்து படிக்கலாம். கட்டுப்பாட்டின் பெயர், அதன் மதிப்பு, எந்த எல்லைக்குள் மாறத்தக்கது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒலிக்கோப்பின் அருகிலேயே அதனையும் வைத்துவிட்டால் போதும். பாடபேதக் குறிப்பை நமக்காகக் கணினியே எழுதித் தருகிறது. நாம் செய்ய வேண்டியது கேட்பது மட்டும்.

பதிவுக்கு முன்னால் ‘ரெஸ்டோர்’ செய்வதன் அருமையைப் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு இன்னும் அதிகம் உணர்ந்தோம். இணையவழி வகுப்புக்கான மென்பொருள்களிற் சில, பேசுகிறவர் குரல் மெலிந்தால் ஒலிவாங்கியின் அளவைத் தாமே ஏற்றிவிடுகின்றன. வகுப்பு முடிந்தபின் பழைய இடத்தில் வைப்பதுமில்லை. திங்கட்கிழமை வகுப்பெடுத்த கணினியைச் செவ்வாயன்று களப்பணிக்கு எடுத்துச் சென்றால், நாம் வைத்த அளவு அங்கே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஒலிநாடாக்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பதியப்பட்ட நாடாக்கள் துறை அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. கணினிக்கு மாற்றும் பணியை விடுமுறையில் மாணவர் தலையில் கட்டிவிடுகிறோம். மடிக்கணினிகள் பலவற்றில் ‘லைன் இன்’ துளை கிடையாது. ஒலிவாங்கித் துளை ஒன்றே உண்டு. நாடாக் கருவியின் வலுவான ஒலியைக் கொண்டுபோய், பூஸ்ட் முப்பதில் நிற்கும் அந்தத் துளையில் செருகினால் கேட்கவே வேண்டாம். ‘டிஜிட்டல் ஆக்கிவிட்டோம்’ என்று அறிக்கையும் போய்விடும். நைந்த நாடா இரண்டாம் முறை ஓடுமா என்பது நாடாவுக்கே வெளிச்சம்.

நம் கட்சிக்கு எதிராக நேர்மையான மறுப்பு ஒன்றுண்டு. அதனை மறைக்க மாட்டோம். கட்டளைகளும் கட்டுப்பாட்டுப் பெயர்களும் ஆங்கிலத்தில் உள்ளன. திரையின் பட்டியல்களையாவது தமிழாக்கலாம், தமிழாக்கியும் வருகிறார்கள். கட்டளை வரிக்குப் போ என்பது தமிழனை மீண்டும் ஆங்கிலத்திடம் அனுப்புவதாகாதா? ஆகும், ஓரளவுக்கு. ஆனால் மாஸ்டர், கேப்சர், மைக், பூஸ்ட், மியூட் என்று ஒரு கை விரலில் அடங்கும் சொற்கள் இவை. இவற்றைக் கற்பது ஆங்கிலம் கற்பதாகாது. மேளக்காரர் தம் தொழிற்சொற்களைக் கற்பது போன்றது. தமிழில் பெயர் வைக்கவும் நாம் அணியமாக இருக்கிறோம். ஆனால் கண்ணில் படாத பொருளுக்கு யார் பெயர் வைப்பார்? ‘மைக் பூஸ்ட்’ என்ற ஒன்று இருப்பதையே ஸ்லைடர் நமக்குச் சொல்லவில்லையே.

ஆகவே நாம் கேட்பது மிகச் சிறியது. களஆய்வு நெறிமுறை என்று ஒரு தாள் பல கல்லூரிகளின் முதுகலைப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. தகவலாளியிடம் எப்படிப் பேசுவது, வினாநிரலை எப்படி அமைப்பது என்றெல்லாம் அதில் கற்பிக்கிறோம். அதில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அட்டையின் பெயர்ப்பட்டியலை எடுப்பது. பூஸ்டைச் சுழியத்தில் வைத்து, பாடுபவரை உரக்க ஒரு வரி பாடச் சொல்லிச் சோதித்து, கேப்சரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. உச்சிக்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் இடைவெளி விடுவது. நிலையைக் கோப்பாக எழுதி ஒலிக்கோப்போடு சேர்ப்பது. ‘ஏரெகார்டு’ என்னும் கட்டளையில் பெரிய எழுத்து ‘வி’ குறியிட்டால் பதியும்போதே ஓசையின் உயரம் திரையில் துடிப்பதைக் காணலாம். கருவியே கையில் தனியாக இருப்பவர்களுக்கும் பெருக்கம், உச்சி, இடைவெளி ஆகியவை பற்றிய அறிவு அப்படியே பயன்படும்.

நம்மிடமுள்ள 2011-ஆம் ஆண்டுக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை. சென்ற ஆண்டு அதனருகே ஓர் உரைக்கோப்பு சேர்த்தோம். அட்டையின் நிலையை அன்று சேமிக்காததால் நினைவில் உள்ளதையே எழுதினோம்: மைக் பூஸ்ட் 30 டெசிபெல், கேப்சர் முழு அளவு, ஏழாம் நிமிடத்திலிருந்து எழுச்சி வரும் இடங்களில் அலை வெட்டுண்டுள்ளது, பாடியவரின் குரலில் கரகரப்பு இல்லை. கடைசிச் செய்திக்குச் சான்று கேட்டால் நாம் நேரில் கேட்டோம் என்பதைத் தவிர வேறில்லை.